வங்கி தவறாகப் பிடித்த பணம்: வட்டியோடு திரும்பக் கேட்பது எப்படி

கோவையில் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்த என் தம்பி 2022 டிசம்பரில் வேலையை விட்டான். சம்பளத்துக்காக ஆலை திறந்துகொடுத்த வங்கிக் கணக்கு அப்படியே கிடந்தது. இரண்டு ஆண்டு கழித்துப் பாஸ்புக்கைப் பதியக் கொடுத்தபோது மூன்று பிடித்தங்கள் அச்சாகி வந்தன. 2023 ஏப்ரல் 5, ஜூலை 5, அக்டோபர் 5 ஆகிய ஒவ்வொரு தேதியிலும் 500 ரூபாய், அதன் கீழேயே ஜி.எஸ்.டி. 90 ரூபாய். சம்பளம் வருவது நின்றதால் அது சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாறிவிட்டதாம். குறைந்தபட்ச இருப்பு இல்லையாம், அதற்கு அபராதமாம். இப்படி மாறப்போகிறது என்று ஒரு குறுஞ்செய்திகூட அவனுக்கு வந்ததில்லை.

கிளையில் கேட்டதற்கு, மனு எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அவன் எழுதியதை நான் வாங்கிப் படித்தேன். “பிடித்த பணத்தைத் திருப்பித் தரவும்” என்ற ஒரு வரிதான் இருந்தது. வட்டி என்ற சொல்லே அதில் இல்லை. அந்த மனுவைக் கொடுக்கவிடாமல் வேறொன்று எழுத வைத்தேன். அப்போது செய்ததைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

நாம் கடன் தவணையை ஒரு நாள் தாமதித்தாலும் வங்கி அந்த நாளையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. நம் பணம் இரண்டு ஆண்டு தவறாக வங்கியின் கையில் இருந்தால் அந்த நாட்களுக்கும் கணக்கு உண்டு. ஆனால் கேட்காதவருக்கு யாரும் அதைக் கொடுப்பதில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முதல் கடிதத்தில் விட்டுவிட்டால் சட்டப்படியே நமக்கு இழப்பு. அது ஏன் என்பதைக் கடிதம் எழுதும் இடத்தில் சொல்கிறேன்.

முதலில், பிடித்தம் தவறுதானா?

இதில் உங்களுக்கு நீங்களே நேர்மையாக இருங்கள். கட்டணம் அதிகம் என்பது வேறு, கட்டணம் விதிக்குப் புறம்பானது என்பது வேறு. வங்கி முன்பே அறிவித்து, உங்களுக்கும் தெரிவித்து, விதிப்படி எடுத்த கட்டணமாக இருந்தால் தள்ளுபடி கேட்டுப் பார்க்கலாம், வட்டி கேட்க வழியில்லை. வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போனாலும் கட்டணத்தின் அளவு வங்கியின் வணிக முடிவு என்று மனு தள்ளுபடியாகும். ஆகவே எந்த விதி மீறப்பட்டது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

குறைந்தபட்ச இருப்பு அபராதத்துக்கு, ரிசர்வ் வங்கி 2014 நவம்பர் 20 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. 2015 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. இருப்பு குறைந்தால் வங்கி முதலில் எஸ்.எம்.எஸ்., மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் தெரிவிக்க வேண்டும். அறிவிப்புக் கொடுத்து ஒரு மாதத்துக்குள் இருப்பைச் சரிசெய்யாவிட்டால்தான் அபராதம். அந்த அபராதமும் எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்கு ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும். பத்து ரூபாய் குறைந்தவருக்கும் ஐயாயிரம் குறைந்தவருக்கும் ஒரே தொகை போடக்கூடாது. அபராதம் ஒன்றினாலேயே கணக்கு கழித்தல் குறிக்குள் போகவும் கூடாது. என் தம்பியின் கணக்கில் இவற்றில் முன்னறிவிப்பு விதியும் விகித விதியும் மீறப்பட்டிருந்தன.

குறைந்தபட்ச இருப்பே தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கிலும், வரவுசெலவு இல்லாமல் முடங்கிய கணக்கிலும் இந்த அபராதம் எடுக்கவே கூடாது. கடனில், தவணை தவறியதற்கான அபராதத்தை வட்டி விகிதத்தில் ஏற்றக்கூடாது, தனிக் கட்டணமாக மட்டுமே வசூலிக்கலாம், அந்தக் கட்டணத்தின்மேல் மறுபடி வட்டி போடக்கூடாது என்று 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கை சொன்னது. 2024 ஏப்ரல் 29 சுற்றறிக்கை இன்னொன்றைக் கண்டித்தது. கடன் தொகை கைக்கு வருவதற்கு முன்பே, ஒப்புதல் தேதியிலிருந்தோ ஒப்பந்தத் தேதியிலிருந்தோ வட்டி போடும் பழக்கம் அது. வீட்டுக்கடன் வாங்கியவர்கள் முதல் மாத வட்டி எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிடித்தம் நடந்த தேதியில் எந்த விதி நடப்பில் இருந்ததோ அதுதான் உங்களுக்குப் பொருந்தும். பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் சேமிப்புக் கணக்குகளின் குறைந்தபட்ச இருப்பு அபராதத்தை நீக்கியது. கனரா வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி, இந்தியன் வங்கி ஆகியவை 2025 நடுவில் நீக்கின. ஆனால் நீக்குவதற்கு முன் எடுத்த தொகை அதனால் தானாகத் திரும்பி வராது. 2019-20 முதல் ஐந்து நிதியாண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் மட்டும் இந்த அபராதமாக வசூலித்தது சுமார் 8,500 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. ஒவ்வொருவரிடமும் முந்நூறு, ஐந்நூறு என்று எடுத்துச் சேர்ந்த தொகை அது. அதில் எவ்வளவு விதிப்படி, எவ்வளவு விதிமீறி என்பது அவரவர் பாஸ்புக்கைப் பார்த்தால்தான் தெரியும்.

ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துபோனால், அங்கே வட்டிக் கணக்கே வேண்டாம். பரிவர்த்தனை நாளுக்குப் பின் ஐந்து நாட்களுக்குள் வங்கி தானாகத் திருப்ப வேண்டும். தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய், வாடிக்கையாளர் கேட்காமலேயே தர வேண்டும். 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கையின் விதி இது. எந்த வட்டியையும்விட இது பெரிய தொகை, இதையே கேளுங்கள்.

மூன்று விதமான வட்டி

புதிதாகக் கேட்பவர்கள் குழம்புவது இங்கேதான். வட்டி என்று ஒரே சொல்லில் சொன்னாலும் உள்ளே மூன்று வேறு இழப்புகள் இருக்கின்றன.

ஒன்று, அந்தப் பணம் கணக்கில் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய சேமிப்பு வட்டி. 2010 ஏப்ரல் 1 முதல் சேமிப்புக் கணக்கில் நாளது இருப்பின்மீது வட்டி கணக்கிடுகிறார்கள். ஆகவே ஒரு நாள் பணம் இல்லாமல் போனாலும் அந்த நாளின் வட்டி போகிறது. இதைத் திரும்பப் பெற எளிய வழி, திருப்பும் தொகையைப் பழைய மதிப்புத் தேதியில் வரவு வைக்கச் சொல்வது. பிடித்த நாளிலேயே பணம் திரும்பி வந்ததாகக் கணினி எடுத்துக்கொள்ளும், வட்டி தானாகச் சேரும். வாடிக்கையாளருக்குத் தெரியாமல் நடந்த மின்னணுப் பரிவர்த்தனைகளில் பழைய தேதியிட்டே வரவு வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையே சொல்லியிருக்கிறது. தவறான மற்றப் பற்றுகளைப் பற்றி உங்கள் வங்கியின் இழப்பீட்டுக் கொள்கை என்ன சொல்கிறது என்று அதன் இணையதளத்தில் பாருங்கள். பெரும்பாலோர் திறந்தே பார்க்காத ஆவணம் அது. அதிலிருந்து ஒரு வரியை மேற்கோள் காட்டினாலே பேச்சு மாறிவிடும்.

இரண்டாவது, தவறாக எடுத்த கட்டணத்தின்மேல் வங்கியே உங்களிடம் வசூலித்த வட்டி. கேஷ் கிரெடிட், ஓவர்டிராஃப்ட் (வங்கி வைத்த வரம்புக்குள் வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் கடன்கள்), மற்றக் கடன் கணக்குகளில் இது நடக்கும். தொகை பெரிதாவதும் இங்கேதான். ஒரு விசைத்தறிக்காரரின் கேஷ் கிரெடிட் கணக்கில், ஒப்பந்தத்தில் இல்லாத கட்டணமாக 20,000 ரூபாயும் ஜி.எஸ்.டி. 3,600 ரூபாயும் பற்று எழுதப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். வட்டி 12 சதவீதம், மாதந்தோறும் கணக்கில் ஏறுகிறது. 24 மாதத்தில் அந்த 23,600 ரூபாய் 29,966 ஆகிவிடும். அதாவது 6,366 ரூபாய் வட்டியாக அவரிடமிருந்து வாங்கப்பட்டிருக்கிறது. தனிவட்டியாகப் போட்டால் 5,664 தான் வரும். இங்கே அவர் கேட்க வேண்டியது 6,366, ஏனென்றால் அது அவர் கையிலிருந்து உண்மையாகவே போன பணம். இதில் அவர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த 3,600 ரூபாய் ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரி வரவாக, அதாவது தான் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொண்டு, ஏற்கெனவே எடுத்திருந்தால் அதை மறுபடி வங்கியிடம் கேட்கக்கூடாது.

மூன்றாவது, பணத்தை வைத்துக்கொண்டதற்கான இழப்பீட்டு வட்டி. பாஸ்புக்கில் பதிவாகாத வட்டி இது. 1978ஆம் ஆண்டின் வட்டிச் சட்டமும் நுகர்வோர் சட்டமும் இதற்கு இடம் தருகின்றன. முதலாவதையும் மூன்றாவதையும் ஒரே தொகைக்கு, ஒரே நாட்களுக்கு இரண்டு தடவை கேட்காதீர்கள். சேமிப்பு வட்டி வந்துவிட்டால் மீதி வித்தியாசத்தை மட்டும் கேளுங்கள்.

எத்தனை சதவீதம்?

இங்கிலாந்தில் சிவில் நீதிமன்றங்களில் ஆண்டுக்கு 8 சதவீதத் தனிவட்டி என்று ஒரு வழக்கமான எண் இருக்கிறது. அந்த ஊர் மாதிரிக் கடிதங்களைப் பார்த்து இங்கே 8 சதவீதம் சட்டப்படி உரியது என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் நாட்டில் அப்படி நிலையான எண் இல்லை. வட்டிச் சட்டம், நடப்பு வட்டி விகிதத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது. அந்த விகிதத்தை, சேமிப்புக் கணக்கு நீங்கலாக, வங்கிகள் வைப்புகளுக்குத் தரக்கூடிய உயர்ந்த வட்டியைக் கொண்டு வரையறுக்கிறது. எளிய மொழியில் சொன்னால், ஃபிக்சட் டெபாசிட் வட்டி. நுகர்வோர் ஆணையங்கள் தங்கள் விருப்புரிமையில் பெரும்பாலும் 6 முதல் 9 சதவீதம் வரை தருகின்றன.

ஆகவே உங்கள் வங்கியே அந்தக் காலத்தில் ஃபிக்சட் டெபாசிட்டுக்குத் தந்த விகிதத்தைக் கேளுங்கள் என்பது என் கருத்து. அந்த எண்ணை வங்கியால் மறுக்க முடியாது, அது அவர்களே விளம்பரப்படுத்தியது. 18, 24 என்று எழுதினால் கோபம் தீரும், மனு பலவீனமாகும். தனிவட்டியாகவே கேளுங்கள். வட்டிக்கு வட்டி தர வட்டிச் சட்டம் அதிகாரம் தரவில்லை. மேலே சொன்ன கேஷ் கிரெடிட் போன்ற இடங்களில் மட்டும், வங்கி எப்படி வசூலித்ததோ அப்படியே திரும்பக் கேட்கலாம்.

கணக்குப் போடும் முறை

தொகை பெருக்கல் விகிதம் பெருக்கல் நாட்கள், வகுத்தல் 36,500. அவ்வளவுதான். ஒவ்வொரு பிடித்தத்துக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். மொத்தமாகக் கூட்டி முதல் தேதியிலிருந்து போட்டால் கணக்கு தவறாகும், அந்த ஒரு தவறைப் பிடித்துக்கொண்டு முழு மனுவையும் ஒதுக்குவார்கள்.

தம்பியின் கணக்கை இப்படிப் போட்டோம். கடிதத் தேதி 2025 ஜனவரி 6, விகிதம் 7 சதவீதம். முதல் 590 ரூபாய் 642 நாட்கள் வங்கியிடம் இருந்தது, வட்டி 72.64. இரண்டாவது 551 நாட்கள், 62.35. மூன்றாவது 459 நாட்கள், 51.94. வட்டி மொத்தம் 186 ரூபாய் 93 காசு. அசல் 1,770. அதற்குப் பிறகு பணம் வரும்வரை நாளொன்றுக்கு 34 காசு. 2024 லீப் ஆண்டு என்பதால் பிப்ரவரி 29ஐ விட்டுவிடாமல் எண்ணினோம். பழைய தேதியிட்டு வரவு வைத்து 3 சதவீதச் சேமிப்பு வட்டி மட்டும் தந்திருந்தால் 80 ரூபாய் அளவில் வந்திருக்கும், மீதி 107 ரூபாயைத்தான் நாங்கள் கேட்டிருக்க முடியும்.

அசலில் ஜி.எஸ்.டி.யைச் சேர்க்க மறக்காதீர்கள். உங்கள் கணக்கிலிருந்து போனது 500 அல்ல, 590.

கடிதம்

வட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் ஒரு நுட்பம் இருக்கிறது. இன்ன தேதியில் இவ்வளவு தர வேண்டும் என்று எழுத்துமூல ஆவணம் இல்லாத தொகைக்கு, வட்டி கேட்கப்போகிறேன் என்று எழுத்தில் அறிவித்து, அந்த அறிவிப்பில் குறிப்பிட்ட தேதியிலிருந்துதான் நீதிமன்றம் வட்டி தரலாம். வட்டியைக் குறிப்பிடாமல் முதல் கடிதம் எழுதி, ஆறு மாதம் கழித்து நினைவு வந்து கேட்டால் அந்த ஆறு மாதத்தை நீங்களே விட்டுக்கொடுத்ததாக வாதிட இடம் தருகிறீர்கள். அதனால்தான் தம்பியின் ஒற்றை வரி மனுவை நான் தடுத்தேன். அதற்குப் பதிலாக எழுதியதன் நடுப்பகுதி இது:

“மேற்கண்ட மூன்று பிடித்தங்களுக்கும் முன் எனக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை. இருப்பு குறைந்த அளவுக்கு ஏற்ற விகிதத்திலும் அபராதம் கணக்கிடப்படவில்லை. ஆகவே ஜி.எஸ்.டி. உட்பட 1,770 ரூபாயைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு தொகைக்கும் அது பிடிக்கப்பட்ட நாளிலிருந்து எனக்குத் திரும்பக் கிடைக்கும் நாள்வரை ஆண்டுக்கு 7 சதவீதத் தனிவட்டி கோருகிறேன் என்பதை இதன்மூலம் அறிவிக்கிறேன். இன்றைய தேதிவரையிலான வட்டிக் கணக்கு இணைப்பில் உள்ளது. அறிவிப்பு அனுப்பப்பட்டது என்றால் அது அனுப்பப்பட்ட தேதியையும் எண்ணையும் தெரிவிக்கவும்.”

கடைசி வாக்கியத்தை நீக்காதீர்கள். அறிவிப்பு அனுப்பியதைக் காட்ட வேண்டிய பொறுப்பை அதுதான் வங்கியின் பக்கம் தள்ளுகிறது.

கடிதத்தோடு கணக்கு அறிக்கையின் அந்தப் பக்கங்களையும் வட்டிக் கணக்குத் தாளையும் இணையுங்கள். கிளையில் கொடுத்தால் உங்கள் நகலில் முத்திரை, தேதி, கையொப்பம் வாங்குங்கள். முத்திரை போடத் தயங்கினால் வாதாடி நேரம் போக்க வேண்டாம், வெளியே வந்து ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வங்கியின் இணையதளத்திலும் புகாரைப் பதிந்து புகார் எண்ணைக் கடித நகலின் மேலேயே எழுதிவையுங்கள். வாய்மொழியாகக் கிளை மேலாளரிடம் சொன்னது எந்தக் கணக்கிலும் வராது.

பாதிப் பணம் வந்தால்

பல சமயம் வங்கி அசலை மட்டும் திருப்பிவிட்டு, நல்லெண்ண அடிப்படையில் தந்தோம், புகார் முடிந்தது என்று செய்தி அனுப்பும். தம்பிக்கு ஜனவரி 24 அன்று வந்தது 1,500 ரூபாய். ஜி.எஸ்.டி.யும் இல்லை, வட்டியும் இல்லை. பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் முழுத் தீர்வாக ஏற்கிறேன் என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள், செயலியில் திருப்தி என்ற பொத்தானையும் அழுத்தாதீர்கள். அன்றே ஒரு மின்னஞ்சல் போதும்: “பகுதித் தொகையை, மீதிக்கான என் உரிமைக்குப் பங்கமின்றிப் பெற்றுக்கொள்கிறேன்.” மீதி எவ்வளவு என்று எண்ணில் எழுதுங்கள்.

குறைதீர்ப்பாளரும் நுகர்வோர் ஆணையமும்

வங்கி மறுத்தாலோ, 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, பதிலில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் மனுச் செய்யலாம். 2021 நவம்பர் 12 அன்று தொடங்கிய திட்டம் இது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம். ரிசர்வ் வங்கி புகார்களுக்காக நடத்தும் சி.எம்.எஸ். இணையதளத்தில் பதியலாம். அது முடியாதவர்கள் சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கியின் மையப்படுத்தப்பட்ட புகார்ப் பிரிவுக்குக் கடிதமாக அனுப்பலாம். விவரம் கேட்க 14448. 2021 திட்டத்தில், வங்கி பதில் தந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும் என்று இருந்தது; இப்போதைய கெடுவை அந்த இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கும் மனுவில் நிவாரணத் தொகை கேட்கும் கட்டத்தில் அசலை மட்டும் போட்டுவிடாமல் வட்டியையும் சேர்த்து எழுதுங்கள். வணிகக் கணக்கு வைத்திருப்பவர்களும் இங்கே வரலாம்.

நுகர்வோர் ஆணையம் அடுத்த வாசல். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 39ஆம் பிரிவில், செலுத்திய கட்டணத்தை ஆணையம் தீர்மானிக்கும் வட்டியோடு திருப்பித் தர ஆணையிடலாம் என்று வட்டியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வங்கியின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் கவலையில்லை. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. நீங்களே வாதாடலாம். தொழில் கணக்கென்றால் மட்டும், பிழைப்புக்காக நீங்களே உழைத்து நடத்தும் தொழில் என்பதை மனுவில் தெளிவாக எழுத வேண்டும். வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவரை இந்தச் சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை.

தேதியில் கவனம் வேண்டும். ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு ஆண்டுதான் காலவரம்பு. நீங்கள் கடிதம் எழுதிக்கொண்டே இருப்பதால் அந்தக் கெடு நீளாது. ஒரே விஷயத்தை இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் நடத்தவும் முடியாது. வழக்கு நிலுவையில் இருந்தால் குறைதீர்ப்பாளர் மனுவை எடுக்கமாட்டார். சில நூறு ரூபாய் விவகாரத்துக்கு முதலில் குறைதீர்ப்பாளரிடம் போங்கள் என்றே நான் சொல்வேன். ஆயிரக்கணக்கில் போய், இரண்டு ஆண்டுக் கெடு நெருங்கிவிட்டால் நேராக ஆணையத்துக்குப் போய்விடுங்கள்.

கிடைக்கும் வட்டி வருமானம்தான். வருமான வரிக்கணக்கு தாக்கல் செய்பவர்கள் அதைப் பிற வருமானத்தில் காட்ட வேண்டும். திரும்பி வந்த அசல் வருமானம் ஆகாது. இரண்டையும் தனித்தனி வரவாகக் கேட்டு வாங்கினால் பிற்பாடு குழப்பம் இருக்காது.

தம்பி பிப்ரவரி 10 அன்று குறைதீர்ப்பாளரிடம் பதிந்தான். மார்ச் 3 அன்று வங்கி தானாகவே 457 ரூபாய் வரவு வைத்தது, ஜி.எஸ்.டி. 270, வட்டி 187. கடிதத் தேதிக்குப் பிந்தைய நாட்களின் காசுக் கணக்கை நாங்கள் தொடரவில்லை. அதே ஆலையில் அதே வங்கியில் சம்பளக் கணக்கு வைத்திருந்த இன்னும் நான்கு பேர் இப்போது அந்தக் கடிதத்தின் நகலை வாங்கிப் போய், தேதியையும் தொகையையும் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருடைய முதல் பிடித்தத்துக்கு இரண்டு ஆண்டு முடிய இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது. அவரை மட்டும் நேராக நுகர்வோர் ஆணையத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.